தண்ணீர் தேடிப் போனவரும் அவர் பேரப்பிள்ளையும்



இன்று நான் பேச வந்திருப்பது இரண்டு வீடியோ கேம்களைப் பற்றி. 1997 அக்டோபரில் வந்த ‘ஃபால்அவுட்’ ஒன்று. ஏறத்தாழ ஓராண்டு கழித்து, 1998இல் வந்த ‘ஃபால்அவுட் 2’ மற்றொன்று. இரண்டையும் வெளியிட்டது அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் இயங்கிய இன்டர்ப்ளே நிறுவனம். 2024இல் அமேசான் பிரைமில் வந்த தொடரைப் பார்த்தவர்களுக்கு அந்த நிலவறையும், நீல உடையும், கட்டைவிரலை உயர்த்திச் சிரிக்கும் பையனும் பழக்கமாகியிருக்கும். அவை பிறந்த இடம் இந்தக் கேம்கள்தான்.

ஒரு கதைக்கு இரண்டாம் பாகம் வந்தால் ‘எது நன்றாக இருக்கிறது?’ என்றுதான் உடனே கேட்கிறோம். அதற்கு என்னிடம் பதில் உண்டு. பேச்சு முடிவதற்குள் சொல்லிவிடுகிறேன். ஆனால் ரோல் பிளேயிங் கேம் என்னும் வகையைப் பொறுத்தவரை அதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. சினிமாவில் நாம் பார்க்கிறோம். இங்கே நாம் செய்கிறோம். யாரைக் காப்பாற்றுவது, யாரைக் கைவிடுவது, எங்கே பொய் சொல்வது, எங்கே துப்பாக்கியை எடுப்பது என்பதெல்லாம் நம் கையில் இருக்கிறது. அப்படியானால், நாம் செய்தவற்றை இரண்டாம் பாகம் எப்படி நடத்துகிறது? நாம் விட்டுவந்த ஊர் என்ன ஆனது? நாம் மீட்ட பெண் என்ன ஆனாள்?

தமிழ் வாசகர்களுக்கு இது புதிய கேள்வி இல்லை. சிலப்பதிகாரத்தின் கதையை அடுத்த தலைமுறைக்கு எடுத்துச்சென்ற மணிமேகலையை இயற்றியவர் வேறொரு புலவர். அவருடைய அக்கறைகளும் வேறு. நீதி கேட்டு நகரை எரித்தவளின் கதைக்குப் பின்னால், பசி தீர்க்கும் பாத்திரத்தை ஏந்திய இளம்பெண்ணின் கதை வருகிறது. முன்னதன் நிழலில் நின்றபடியே பின்னது தன் சொந்தக் கேள்வியைக் கேட்கிறது. ‘ஃபால்அவுட் 2’ஐயும் அப்படி வைத்துப் பார்க்கலாம் என்பது என் எண்ணம்.

முதல் பாகத்தின் கதையைச் சொல்கிறேன். 2077 அக்டோபர் 23 அன்று அணு ஆயுதப் போரில் உலகம் அழிகிறது. சிலர் மட்டும் ‘வால்ட்’ எனப்படும் பாதாள நிலவறைகளுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். 84 ஆண்டுகள் கழித்து, 2161 டிசம்பரில், 13ஆம் எண் நிலவறையில் தண்ணீரைச் சுத்திகரிக்கும் ‘வாட்டர் சிப்’ பழுதாகிறது. இருப்புத் தண்ணீர் 150 நாள்களுக்குத்தான் வரும். மேற்பார்வையாளர் நம்மை அழைத்து, வெளியே போய் ஒரு சிப் கொண்டுவரச் சொல்கிறார். கனத்த இரும்புக் கதவு திறக்கிறது. வாசலிலேயே ஒரு பிணம் கிடக்கிறது, நமக்கு முன்னால் அனுப்பப்பட்டவர். அதற்கு அப்பால் பாலைவனம்.

இந்தக் கேமில் என்னை இன்றும் வியக்க வைப்பது இதன் சிக்கனம். கதையின் ஒவ்வொரு முடிச்சும் தண்ணீரில் போய் நிற்கிறது. கையில் கட்டிய பிப்-பாய் கருவி மிச்ச நாள்களைக் காட்டிக்கொண்டே இருக்கும். ஒரு ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு நடந்தாலே நாள்கள் கரைந்துவிடும். ஹப் என்ற சந்தை நகரில் தண்ணீர் வியாபாரிகள் இருக்கிறார்கள். அவர்களிடம் பணம் கட்டி நிலவறைக்குத் தண்ணீர் வண்டிகளை அனுப்பினால் இன்னும் 100 நாள் கூடும். நல்லதுதானே என்று நினைப்போம். ஆனால் வண்டி போகும் பாதையால் நிலவறை இருக்குமிடம் வெளியே தெரிந்துவிடும்; முதலில் வெளியான வடிவத்தில், பின்னால் நான் சொல்லப்போகும் எதிரிப் படை அங்கே போய்ச் சேரும் நாளும் அதனால் முன்னுக்கு வந்துவிடும். பின்னர் வந்த திருத்தத்தில் அந்தப் படையெடுப்புக் கெடுவை வெகுவாகத் தளர்த்திவிட்டார்கள். பலர் அதை வரவேற்றார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு. உதவி என்று செய்தது ஆபத்தாகத் திரும்பும் அந்த ஏற்பாடு கதையின் உள்ளுறையாக இருந்தது.

அதைவிட ஆழமான இடம் நெக்ரோபோலிஸ். அங்கே வாழ்பவர்கள் கதிர்வீச்சில் தோலுரிந்து, சாகவும் முடியாமல் நீண்ட ஆயுளோடு நடமாடும் மனிதர்கள். அவர்களுடைய நகரத்துக்கு அடியில் இன்னொரு நிலவறை. அங்கேதான் நாம் தேடும் வாட்டர் சிப் இருக்கிறது. அந்த ஊருக்குக் குடிநீர் தருவதும் அதே சிப்தான். எடுத்துக்கொண்டு நடந்துவிட்டால் நம் மக்கள் பிழைப்பார்கள், அவர்கள் தாகத்தில் சாவார்கள். ஊரில் பழுதாகிக் கிடக்கும் பழைய பம்பு ஒன்றைச் சரிசெய்து கொடுத்துவிட்டு எடுத்தால் இரு தரப்பும் பிழைக்கும். அதற்கு உதிரிபாகம் தேட வேண்டும், பழுதுபார்க்கத் தெரிந்திருக்க வேண்டும், நேரம் வேண்டும். நேரமோ ஓடிக்கொண்டிருக்கிறது. யாரும் நம்மைப் பிடித்து நிறுத்திப் பாடம் நடத்துவதில்லை. அவர்களோடு நின்று பேசாதவருக்குத் தான் எதைப் பறித்துக்கொண்டு போகிறோம் என்பதே தெரியாமல் போகலாம்.

சிப்பைக் கொண்டுவந்து கொடுத்த பிறகு கதை பெரிதாகிறது. ‘மாஸ்டர்’ என்றொருவர், மனிதர்களைப் பிடித்து, வைரஸ் கலந்த தொட்டியில் முக்கி, சூப்பர் மியூட்டன்ட் என்ற ராட்சத உருவங்களாக மாற்றுகிறார். அவருடைய வாதம் நேரானது: மனிதர்களுக்குள் வேறுபாடு இருக்கும்வரை போர் ஓயாது, எல்லாரையும் ஒரே இனமாக்கிவிட்டால் ஓய்ந்துவிடும். அவர் வாயைத் திறந்தால் ஆண் குரல், பெண் குரல், இயந்திரக் குரல் எல்லாம் ஒரே வாக்கியத்துக்குள் மாறி மாறி வரும். பல உயிர்களை விழுங்கி ஒன்றானவர் அவர்.

அவரைச் சுட்டுக் கொல்லலாம். அவர் இருக்கும் இடத்தை வெடிவைத்துத் தகர்க்கலாம். மூன்றாவதாக ஒரு வழியும் உண்டு. பிரதர்ஹுட் ஆஃப் ஸ்டீல் என்ற அமைப்பின் ஆய்வாளர் ஒருவர் இறந்த மியூட்டன்ட் உடலை அறுத்துப் பார்த்து, அந்த இனத்துக்குக் குழந்தை பிறக்காது என்று கண்டறிந்திருக்கிறார். அந்த ஆதாரத்தை மாஸ்டர் முன் வைத்துப் பேசலாம். அவர் நம்ப மறுப்பார். பிறகு நம்புவார். தன் கனவுக்கு அடுத்த தலைமுறையே கிடையாது, இதுவரை செய்த கொடுமைகளுக்கு ஒரு நியாயமும் மிச்சமில்லை என்று உணர்ந்ததும், தன்னையும் தன் கோட்டையையும் தானே அழித்துக்கொள்வார். ஒரு துப்பாக்கிக் குண்டுகூடச் செலவாகாமல் கேமின் தலைமை எதிரி வீழ்கிறார். 1997இல் ஒரு கணினி விளையாட்டு, ஆராய்ந்து கண்ட உண்மைக்கும் அதை எடுத்துச்சொல்லும் நாவுக்கும் இத்தனை வலிமை கொடுத்தது என்பதை நான் மிகப் பெரிய சாதனையாகக் கருதுகிறேன்.

அதன்பின் வீடு திரும்புகிறோம். நிலவறை வாசலில் மேற்பார்வையாளர் நிற்கிறார். நன்றி சொல்கிறார், உள்ளே விட முடியாது என்கிறார். வெளியுலகம் பார்த்த ஒருவரைக் கண்டால் இளையவர்கள் எல்லாரும் வெளியே கிளம்பிவிடுவார்கள், நிலவறை காலியாகிவிடும் என்பது அவர் அச்சம். யாருக்காகத் தண்ணீர் தேடிப் போனோமோ அவர்களே கதவைச் சாத்துகிறார்கள். நாயகர் தலை குனிந்து பாலைவனத்தில் நடக்கிறார். கொடூரமாகவே ஆடிவந்தவர் என்றால் அந்த இடத்தில் மேற்பார்வையாளரைச் சுட்டுவிடுகிறார். கேம் முடிகிறது.

இத்தனை கட்டுக்கோப்பு எங்கிருந்து வந்தது? டிம் கெய்ன் என்ற நிரலாளர் 1994 வாக்கில் ஏறக்குறையத் தனியாளாகத் தொடங்கிய வேலை இது. லியனார்ட் பொயார்ஸ்கி, ஜேசன் ஆண்டர்சன் போன்ற ஓவியக் கலைஞர்கள் வந்து சேர்ந்தார்கள். மூன்று ஆண்டுகளுக்கு மேல் உழைத்தார்கள். மூலம், 1988இல் இன்டர்ப்ளே உருவாக்கிய ‘வேஸ்ட்லேண்ட்’. அதன் பெயரைப் பயன்படுத்தும் உரிமை கிடைக்காததால் புதிய உலகமே கட்ட வேண்டியதாயிற்று. விதிமுறைகளுக்கு ஸ்டீவ் ஜாக்சன் கேம்ஸ் நிறுவனத்தின் ‘கர்ப்ஸ்’ முறையை உரிமம் பெற்று எடுத்திருந்தார்கள். 1997இல் அந்த ஒப்பந்தம் முறிந்தது. சில வாரங்களுக்குள் ‘ஸ்பெஷல்’ என்ற புதிய முறையைச் செய்தார்கள். வலிமை, புலனறிவு, தாங்குதிறன், கவர்ச்சி, அறிவு, சுறுசுறுப்பு, அதிர்ஷ்டம் என்று ஏழு பண்புகள். அறிவை மிகக் குறைவாக வைத்துத் தொடங்கினால் நம் பாத்திரத்துக்குப் பேச்சே ஒழுங்காக வராது. எதிரில் நிற்பவர்களும் அதற்கேற்பவே நடந்துகொள்வார்கள். முக்கியமானவர்களின் முகங்களைக் களிமண்ணில் வடித்து, கணினிக்குள் ஏற்றி, உதடு அசைத்துப் பேசவைத்தார்கள். சின்னக் குழு, நீண்ட காலம், மேலிருந்து அதிக அழுத்தமில்லாத சூழல். இந்த மூன்றும் ஒன்றுசேர்வது அபூர்வம்.

இரண்டாம் பாகத்துக்கு அந்தப் பேறு கிடைக்கவில்லை. முதல் பாகம் பெயர் வாங்கியதும் அடுத்ததை உடனே கேட்டார்கள். ஏறத்தாழ ஓராண்டு அவகாசம். வேலை நடந்துகொண்டிருக்கும்போதே, 1998 தொடக்கத்தில், கெய்ன், பொயார்ஸ்கி, ஆண்டர்சன் மூவரும் விலகி ட்ரோய்கா என்ற தங்கள் நிறுவனத்தைத் தொடங்கப் போனார்கள். மிச்சத்தை ஃபியர்கஸ் அர்க்கார்ட் தலைமையிலான பிளாக் ஐல் ஸ்டுடியோ முடித்தது. கிறிஸ் அவெலோன் போன்ற புதிய எழுத்தாளர்கள் வந்தார்கள். பல கைகள் ஒரே நேரத்தில் எழுதியது கேம் முழுவதும் தெரியும். வெளியான நாளில் பிழைகள் ஏராளம். சேர்க்க நேரமில்லாமல் விட்ட பகுதிகளை ரசிகர்களே பல ஆண்டுகள் உழைத்துப் பின்னர் மீட்டுச் சேர்த்தார்கள்.

கதை 2241இல் தொடங்குகிறது. விரட்டப்பட்ட நாயகர் வடக்கே போய் ஆரோயோ என்ற கிராமத்தை உருவாக்கியிருக்கிறார். அவருடைய பேரப்பிள்ளை நாம். நம் தாயே ஊர்த் தலைவி. தாத்தா அணிந்திருந்த நீல உடை இப்போது புனிதப் பொருள். மழை பொய்த்து, பயிர் கருகி, கால்நடைகள் சாகின்றன. ‘கெக்’ என்ற பெட்டியைத் தேடிப் போகிறோம். தரிசு நிலத்தை விளைநிலமாக்க நிலவறைகளுக்கென்று தயாரிக்கப்பட்ட கருவி அது. அன்று ஒரு சிப், இன்று ஒரு பெட்டி. தேடல் அதே அச்சில்தான் இருக்கிறது. ஆனால் நாள் கணக்கு நெருக்குவதில்லை. கேமுக்குள் 13 ஆண்டுகள்வரை சுற்றலாம். ஊரின் பூசாரி அவ்வப்போது கனவில் வந்து அழைப்பார், அவ்வளவுதான். உலகம் பல மடங்கு பெரிது. ஒரு காரை வாங்கிச் சரிசெய்து ஓட்டலாம். கூட்டாளிகள் முன்பைவிடச் சொன்னபடி கேட்பார்கள். முதல் பாகத்தில் நம் தோழன் இயான் பின்னாலிருந்து சுட்டு நம்மையே சாய்த்த அனுபவம் ஆடியவர் எல்லாருக்கும் இருக்கும்.

இந்தப் பெரிய உலகத்தில் மூன்று இடங்களைச் சொல்ல வேண்டும். அவற்றில்தான் இரண்டாம் பாகம் முதல் பாகத்தை உண்மையிலேயே நினைவில் வைத்திருக்கிறது.

முதலாவது ஷேடி சாண்ட்ஸ். தாத்தா காலத்தில் அது மண் வீடுகளும் தோட்டமும் கொண்ட ஒரு சிற்றூர். ஊர்த் தலைவர் ஆரதேஷின் மகள் டாண்டியை கான் என்ற கொள்ளைக் கூட்டம் தூக்கிப்போகும். பணம் கொடுத்தோ, கூட்டத் தலைவனோடு தனியாக மோதியோ, எல்லாரையும் சுட்டோ அவளை மீட்கலாம். 80 ஆண்டுகள் கழித்து அதே ஊர் நியூ கலிஃபோர்னியா குடியரசின் தலைநகரமாக நிற்கிறது. அதன் ஜனாதிபதி டாண்டி! அன்று சலிப்போடு ஊரைச் சுற்றிக்கொண்டிருந்த பெண், இன்று நாடாளும் மூதாட்டி. அந்தக் குடியரசும் குற்றமற்றதாகக் காட்டப்படவில்லை. சட்டம் ஒழுங்கு உண்டு, அதோடு பக்கத்து ஊர்களை விழுங்கும் பசியும் உண்டு. நாம் அன்று காப்பாற்றியது ஒரு பெண்ணை என்று நினைத்திருந்தோம். ஓர் அரசை என்று இப்போது தெரிகிறது. அது நல்லதா கெட்டதா என்று கேம் சொல்லாமல் விடுகிறது.

இரண்டாவது வால்ட் சிட்டி. 8ஆம் எண் நிலவறையிலிருந்து வெளியே வந்தவர்கள் தங்கள் கெக் கருவியைப் பயன்படுத்திக் கட்டிய பசுமையான, சுத்தமான நகரம். உள்ளே நுழைய அனுமதிச் சீட்டு வேண்டும். குடியுரிமைக்கு ஒரு தேர்வு உண்டு. சாமானியர் தேற முடியாதபடி அமைத்திருக்கிறார்கள். வேலைக்காரர்கள் என்ற பெயரில் அடிமைகள் இருக்கிறார்கள், ஆனால் எங்களிடம் அடிமை முறை இல்லை என்று முகம் சுளித்துச் சொல்வார்கள். அருகில் கெக்கோ என்ற ஊரில், தோலுரிந்த அந்த மனிதர்கள் ஒரு பழைய அணு உலையை ஓட்டுகிறார்கள். அதன் கசிவு நிலத்தடி நீரில் கலந்து வால்ட் சிட்டியை எட்டுகிறது. உலைக்கு வேண்டிய உதிரிபாகம் வால்ட் சிட்டியிடமே இருக்கிறது. கொடுத்தால் கசிவு நிற்கும். ஆனால் முதல் குடிமகள் லினெட் அந்த ஊரே ஒழிய வேண்டும் என்கிறார். நெக்ரோபோலிஸில் நாம் பார்த்த அதே முடிச்சு: தண்ணீர், ஒரு உதிரிபாகம், ஒதுக்கப்பட்ட மக்கள். முன்பு ஒரு தனிமனிதரின் மனசாட்சிக்கு வந்த சோதனை, இங்கே ஒரு நகரத்தின் அலுவலகங்களுக்குள் கோப்பாகச் சுற்றுகிறது. இரண்டாம் பாகத்தில் மிகச் சிறந்த எழுத்து இதுதான் என்பேன்.

மூன்றாவது, அதிகம் பேசப்படாத புரோக்கன் ஹில்ஸ். யுரேனியச் சுரங்க ஊர். ஷெரீஃப் பெயர் மார்க்கஸ். மாஸ்டரின் படையில் இருந்த சூப்பர் மியூட்டன்ட். தன்னோடு நாள்கணக்கில் சண்டையிட்ட பிரதர்ஹுட் வீரர் ஒருவரோடு நட்பாகி அந்த ஊரை உருவாக்கியவர். மனிதர், மியூட்டன்ட், தோலுரிந்தவர் மூவரும் அங்கே சேர்ந்து வாழ்கிறார்கள். உரசல் இருக்கிறது, சதியும் நடக்கிறது, ஆனாலும் வாழ்கிறார்கள். எல்லாரையும் ஒன்றாக உருக்கினால்தான் அமைதி என்று மாஸ்டர் நினைத்தார். அவருடைய படைவீரரே, உருக்காமல் வாழலாம் என்று ஊர் கட்டிக் காட்டுகிறார். முதல் பாகத்தில் மாஸ்டருக்கு நாம் சொன்ன பதில் ஒரு மருத்துவ உண்மை. அரசியல் ரீதியான பதிலை இரண்டாம் பாகம்தான் தருகிறது.

இவ்வளவு செய்த கேம் வேறு இடங்களில் தன்னையே மறந்துவிடுகிறது என்பது எனக்கு மனவருத்தம். சினிமா, டிவி, செய்தித்தாள் கேலிகள் எங்கே பார்த்தாலும் முளைக்கின்றன. குத்துச்சண்டையில் காதைக் கடிக்கும் வீரர்வரை வருகிறார். அவற்றில் ஒன்றை என்னால் மன்னிக்கவே முடியவில்லை. பாலைவனத்தில் தற்செயலாக ஒரு கல் வளைவு எதிர்ப்படும். ‘ஸ்டார் ட்ரெக்’ தொடரிலிருந்து எடுத்தது. அதற்குள் புகுந்தால் கடந்தகாலத்தின் 13ஆம் நிலவறை. அங்கே ஒரு கணினியைத் தொட்டால் வாட்டர் சிப் உடையும். அதாவது தாத்தாவின் துயரம் முழுவதற்கும் காரணம் பேரப்பிள்ளையின் கை! ஒரு நொடிச் சிரிப்புக்காக முதல் பாகத்தின் அடித்தளத்தையே விளையாட்டுப் பொருளாக்கினார்கள். வால்ட் சிட்டியில் கிடைக்கும் தகவல் இதற்கு நேரெதிர்: 13ஆம் நிலவறைக்குப் போக வேண்டிய கூடுதல் வாட்டர் சிப்புகள் பிழையாக 8ஆம் நிலவறைக்கு வந்துவிட்டனவாம். ஒரு பெட்டி இடம் மாறியதில் இத்தனை சாவு. இதில் சிரிப்பு இல்லை, வலிக்கிறது. அதே கேம்தான், எழுதிய கை வேறு.

பெரிய குறை கடைசியில் வருகிறது. இரண்டாம் பாகத்தின் எதிரிகள் என்க்ளேவ். பழைய அமெரிக்க அரசின் மிச்சம். கடலில் ஓர் எண்ணெய்க் கிணற்று மேடையில் பதுங்கியிருக்கிறார்கள். வெளியே வாழும் எல்லாரும் கதிர்வீச்சால் கெட்டவர்கள், ஒட்டுமொத்தமாக அழிக்கப்பட வேண்டியவர்கள் என்பது அவர்கள் கொள்கை. அங்கே வேலைசெய்யும் விஞ்ஞானி ஒருவரிடம் பேசி மனதை மாற்ற முடிகிறது. அது நல்ல காட்சி. ஆனால் வெளியேறும் வழியை மறித்து நிற்கும் ஃப்ராங்க் ஹாரிகனோடு சண்டை போட்டே ஆக வேண்டும். ஆள் சேர்த்துக்கொள்ளலாம், அங்குள்ள துப்பாக்கிகளை அவன்மேல் திருப்பலாம். பேசி வெல்ல முடியாது. யார் இந்த ஹாரிகன்? வைரஸ் பட்டு உருமாறிய மியூட்டன்ட். தூய மனிதர்களின் ஆட்சிக்காக மியூட்டன்ட்களைக் கொல்லும் மியூட்டன்ட்! அவர்கள் திட்டம் நிறைவேறினால் அவனுக்கே இடம் இருக்காது. மாஸ்டரிடம் வைத்த வாதத்துக்குச் சற்றும் குறையாத வாதம் கையில் கிடந்தது. எழுதியவர்கள் அதை எடுக்கவில்லை. வேகமாக முடிக்க வேண்டிய வேலையில் முதலில் பலியாவது இப்படிப்பட்ட இடம்தான்.

இப்போது பதில் சொல்கிறேன். இரண்டில் சிறந்தது முதல் பாகம். எனக்கு அதில் ஐயமில்லை. ஆனால் இரண்டாம் பாகம் முதல் பாகத்துக்குச் செய்த ஒரு பெரிய உபகாரம் உண்டு. பேரப்பிள்ளை தேடிப்போகும்போது 13ஆம் நிலவறை திறந்து கிடக்கிறது. மக்களை என்க்ளேவ் கடத்திப்போயிருக்கிறது. கெக் பெட்டியோடு திரும்பினால் ஆரோயோ மக்களும் கடத்தப்பட்டிருக்கிறார்கள். இரு கூட்டமும் அதே எண்ணெய் மேடையில் கைதிகள். அங்கே என்க்ளேவின் ஜனாதிபதி ரிச்சர்ட்சன் நம்மிடம் ஓர் உண்மையைச் சொல்கிறார்: நிலவறைகள் கட்டப்பட்டதே சோதனைக்காக. 13ஆம் நிலவறையை 200 ஆண்டுகள் மூடியே வைத்திருக்க வேண்டும் என்பது திட்டம். அன்று வாசலில் நின்று தாத்தாவை விரட்டிய மேற்பார்வையாளரின் அச்சத்தை இப்போது வேறு கண்ணோடு பார்க்கிறோம்.

இறுதியில் விரட்டியவர்களின் வழித்தோன்றல்களும் விரட்டப்பட்டவரின் வழித்தோன்றல்களும் ஒன்றாக விடுதலையாகி, அந்தப் பெட்டியின் உதவியோடு சேர்ந்து ஒரே ஊரைக் கட்டுகிறார்கள். 80 ஆண்டுகளுக்கு முன் சாத்திய கதவு அங்கேதான் திறக்கிறது. அவசரத்தில், பல கைகளால், பிழைகளோடு செய்யப்பட்ட கேம் இதை மட்டும் தவறவிடவில்லை.

புதிதாக ஆட விரும்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இரண்டும் இன்றும் இணையக் கடைகளில் கிடைக்கின்றன, சாதாரணக் கணினியிலேயே ஓடும். முதல் பாகத்திலிருந்தே தொடங்குங்கள். இரண்டாவதை முதலில் ஆடினால் டாண்டி உங்களுக்கு யாரோ ஒரு ஜனாதிபதியாகத்தான் இருப்பார். இரண்டாம் பாகத்தின் தொடக்கத்தில் எறும்பையும் தேளையும் ஈட்டியால் குத்திக்கொண்டு கோவில் ஒன்றைக் கடக்க வேண்டியிருக்கும். அது சோர்வு தரும் பகுதி. பொறுத்துக்கொண்டு வெளியே வாருங்கள். வால்ட் சிட்டி வாசலில் அனுமதிச் சீட்டு கேட்கும்போது, உங்கள் தாத்தா எந்த நிலவறையிலிருந்து வந்தவர் என்று அவர்களிடம் சொல்லிப் பாருங்கள்.